குஞ்சிதபாதமும் காஸ்மிக் காலண்டரும்

கார்ல் சேகன் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நின்று பேசும் சிறு காணொளி ஒன்று பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் ஊர்க்காரர்களின் கைப்பேசிகளில் சுற்றும். 1980இல் அமெரிக்காவின் பி.பி.எஸ். தொலைக்காட்சியில் பதின்மூன்று பகுதிகளாக வந்த ‘காஸ்மாஸ்’ தொடரின் பத்தாவது பகுதியிலிருந்து வெட்டி எடுத்தது அது. பிரம்மாவின் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 864 கோடி ஆண்டு என்கிறார் சேகன். பூமியின் வயதைவிட, சூரியனின் வயதைவிட அது அதிகம்; பெருவெடிப்புக்குப் பின் கழிந்த காலத்தில் ஏறத்தாழப் பாதி. பிறகு நடராசர் திருமேனி. மேல் வலக்கையில் உடுக்கை, அதன் ஒலி படைப்பின் ஒலி. மேல் இடக்கையில் நெருப்பு, படைத்தது எல்லாம் ஒருநாள் அழியும் என்பதன் நினைவூட்டல். காணொளி அங்கே முடியும். கீழே, நம் யுகக் கணக்கை அமெரிக்க விஞ்ஞானியே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று யாராவது ஒரு வரி சேர்த்திருப்பார்கள்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கால அளவுகள் நவீன அண்டவியலோடு பொருந்துவது தற்செயலே என்பதில் ஐயமில்லை என்று அதே வாக்கியத்துக்குள் சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் காதில் அந்தச் சிறு சொல் விழுவதில்லை. விழாததற்குக் காரணம் கர்வம் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. பக்தியுள்ள ஒருவருக்கு இந்தக் காலத்தில் இருக்கும் ஒரு தவிப்பு அது. என் தெய்வம் உண்மை என்று வெளியே இருக்கும் யாராவது, அதுவும் தொலைநோக்கி வைத்திருக்கும் யாராவது, ஒருமுறை சொல்லிவிட மாட்டாரா என்ற தவிப்பு. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். அதற்கு இந்தக் காணொளி விடையாகுமா என்பதுதான் கேள்வி.

நான் கும்பகோணத்தில் அரசுப் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுடையது சைவக் குடும்பம். திருவாசகம் படிக்காமல் அப்பா காலையில் காபியைத் தொடமாட்டார். காஸ்மாஸை நான் முதலில் பார்த்தது எண்பதுகளில், தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பியபோது, சென்னையில் அத்தை வீட்டில். மரக் கதவு போட்ட கறுப்பு வெள்ளைப் பெட்டி. வியாழனின் பெரும் செம்புள்ளி எனக்குச் சாம்பல் நிறத்தில்தான் அறிமுகம். ஆங்கிலம் பாதி புரியாது. ஆனால் வாஞ்ஜெலிஸின் இசை தொடங்கியதும் கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். விண்மீன்களின் வயிற்றில் வெந்த பொருளால்தான் நம் உடம்பு ஆகியிருக்கிறது என்று அந்த மனிதர் சொன்ன இடத்தில், இந்தப் படிப்பைத்தான் படிக்கவேண்டும் என்று தீர்மானித்தேன். இன்றும் அந்த இசையைக் கேட்டால் தொண்டை அடைக்கிறது.

ஆகவே அந்தத் தொடரில் பிழை சொல்வது எனக்கு எளிதான காரியம் அல்ல. ஆனால் வகுப்பில் போட்டுக்காட்டும்போது நிறுத்தி நிறுத்தித்தான் காட்டினேன். பேரண்டத்தின் முழு வரலாற்றையும் ஓர் ஆண்டுக்குள் சுருக்கும் காஸ்மிக் காலண்டரை அவர் 1,500 கோடி ஆண்டு என்ற கணக்கில் போட்டார். இன்றைய கணக்கு 1,380 கோடி. அந்த நாட்காட்டியில் ஒரு நாள் என்பது 4.1 கோடி ஆண்டிலிருந்து சுமார் 3.8 கோடியாகச் சுருங்குகிறது. பூமி பிறந்த நாள் செப்டம்பர் நடுவிலிருந்து அந்த மாதத்தின் முதல் வாரத்துக்கு நகர்கிறது. மாணவிகளையே கரும்பலகையில் இதைப் போடச் சொல்வேன். வேறு விண்மீன்களைச் சுற்றும் ஒரு கோளைக்கூட 1980இல் யாரும் உறுதியாகக் கண்டதில்லை. இன்று 5,000க்கும் மேல். தொடர் அங்கே வாராவாரம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1980 நவம்பர் 12 அன்று, வாயேஜர் 1 சனிக்கோளை நெருங்கிக் கடந்தது. அதாவது ஒளிபரப்பு முடியும் முன்பே சில பகுதிகளுக்கு வயதாகிவிட்டது.

என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு இது பிடிக்காது. “அந்த மனுஷர் போயே சேர்ந்துட்டார். நமக்கு அது கிடைச்ச மாதிரியே இருக்கட்டுமே, ஏண்டி நோண்டுற?” என்பாள். அவளுக்கு நான் சொல்லும் பதில் சேகன் செய்ததுதான். தொடர் வந்து ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து மறுபடி ஒளிபரப்பானபோது, பகுதிகளின் முடிவில் அவரே தோன்றி, இதற்குள் தெரியவந்த புதியவற்றைச் சேர்த்துச் சொன்னார். தன் வேலையைத் தானே திருத்தியவரை நேசிப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் சொன்ன எண்ணை மாற்றக்கூடாது என்பது அவர் பக்கம் நிற்பது ஆகாது.

ஆனால் காலத்தால் பழசான எண் வேறு, கதை நன்றாக இருக்கிறதே என்பதற்காகச் சேர்ந்துகொண்டது வேறு. இரண்டாவதை அவ்வளவு சுலபமாக என்னால் விடமுடியவில்லை. ஜப்பானின் ஹெய்க்கே நண்டு கதை அப்படி. ஓட்டில் சாமுராய் முகம் தெரிந்த நண்டுகளை மீனவர்கள் கடலில் திரும்ப விட்டார்கள், அதனால் அந்த முகம் தலைமுறைதோறும் தெளிவாயிற்று என்பது கதை. அழகான கதை. ஆனால் அவை உண்ணும் அளவுக்குப் பெரிய நண்டுகள் அல்ல. முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் சமைத்திருக்கப் போவதில்லை என்று உயிரியலாளர்கள் மறுத்துவிட்டார்கள். இதைவிட முக்கியமானது அலெக்சாண்ட்ரியா. கணித அறிஞர் ஹைபேஷியா 415இல் ஒரு கிறித்தவக் கும்பலால் கொல்லப்பட்டது வரலாறு. அந்தக் கொலையையும் பெரும் நூலகத்தின் அழிவையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, ஒன்றைத் தொடர்ந்து மற்றது நடந்ததுபோல மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த நூலகம் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நலியத் தொடங்கிவிட்டது. 2014இல் நீல் டிகிராஸ் டைசன் வழங்கிய புதிய காஸ்மாஸில் எண்கள் திருந்தின. ஆனால் முதல் பகுதியிலேயே ஜியார்டானோ புரூனோ வந்தார். 1600இல் ரோமில் எரிக்கப்பட்ட அவர் விண்ணை அளந்து பார்த்த வானியலர் அல்லர். அவர் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை இறையியல் சார்ந்தவை.

இங்கேதான் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அலெக்சாண்ட்ரியாவில் மதம் அறிவியலின் எதிரியாக வருகிறது. தாராசுரத்தில் அறிவியலுக்கு முன்னோடியாக வருகிறது. முன்னதைப் பார்த்து ஒரு கிறித்தவர் மனம் நோகலாம், பின்னதைப் பார்த்து நாம் மகிழலாம். ஆனால் இரண்டு இடத்திலும் மதம் அறிவியலுக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு தள்ளி என்ற ஒரே அளவுகோல்தான். தன் வாயால் அது எதையும் சொல்வதில்லை. பாராட்டு கிடைத்த இடம் என்பதால் நாம் அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு அதைக் காட்டியவர் அப்பா. பல ஆண்டு கழித்து டிவிடி கைக்கு வந்ததும் அவரை உட்காரவைத்து அந்தப் பகுதியைப் போட்டேன். சேகனின் ஆங்கிலத்தை நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தாராசுரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நடராசர் முடிந்ததும் கேட்டார்:

“ஏம்மா, மேல் கை ரெண்டைத்தானே சொன்னாரு? கீழ்க் கை ரெண்டு என்னாச்சு? திருவடி?”

“அதுக்கு மேல சொல்லலைப்பா.”

“அதுதானேம்மா விஷயமே.”

மெய்கண்டாரின் மாணவர் மனவாசகம் கடந்தார் எழுதிய ‘உண்மை விளக்கம்’ சைவ சித்தாந்த சாத்திரம் பதினான்கில் ஒன்று. நடராசர் திருமேனியை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அது சொல்கிறது. உடுக்கை ஏந்திய கை படைத்தல். அபயம் காட்டும் கை காத்தல். நெருப்பு ஏந்திய கை அழித்தல். முயலகன் மேல் ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல். அந்தத் தூக்கிய பாதத்தைத்தான் சிதம்பரத்தில் குஞ்சிதபாதம் என்கிறோம். இடக்கை வீசி அதைத்தான் சுட்டுகிறது. மொத்தம் ஐந்து தொழில். அண்டவியலோடு பொருத்திப் பார்க்கும்போது கிடைப்பவை படைப்பும் அழிவும். கொஞ்சம் முயன்றால் நடுவில் காத்தலும் சேரும். மறைத்தலுக்கும் அருளலுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை, ஏனென்றால் அவை இரண்டும் உயிரைப் பற்றியவை. உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகத்தைக் காட்டுகிறான், பக்குவம் வந்ததும் தன்னைக் காட்டுகிறான் என்பது சித்தாந்தம். அழித்தலைக்கூட அது இறுதி நாசமாகப் பார்ப்பதில்லை. பிறந்து பிறந்து களைத்த உயிர்களை இளைப்பாற வைப்பது அது. நடனத்தை விளக்கும் இடத்தில் ஆண்டுக் கணக்கு கிடையாது.

அந்த 864 கோடி வேறு இடத்திலிருந்து வருகிறது. புராணங்களும் சூரிய சித்தாந்தம் போன்ற கணித நூல்களும் தரும் யுகக் கணக்கு அது. ஒரு மகாயுகம் 43,20,000 ஆண்டு. ஆயிரம் மகாயுகம் பிரம்மாவின் ஒரு பகல். கணித நூல்களில் ஒரு மகாயுகத்துக்குள் ஒவ்வொரு கோளும் முழு எண்ணிக்கையில் சுற்றி முடிப்பதாக அமைத்திருப்பார்கள். பின்னமில்லாமல் கணக்குப் போட அவ்வளவு பெரிய எண் தேவைப்பட்டது. இது பெருமைப்படத்தக்க கணிதம். இவ்வளவு நீண்ட காலத்தை அஞ்சாமல் நினைத்துப் பார்த்த மனத்தைப் பார்த்து சேகன் வியந்ததும் நியாயம். ஆனால் யாரும் பாறையை ஆராய்ந்தோ விண்மீன் ஒளியை அளந்தோ பூமியின் வயதை அந்த எண்ணில் கண்டுபிடிக்கவில்லை. பெருவெடிப்பின் காலம் திருந்தியபின் அவர் சொன்ன ‘பாதி’யும் இப்போது கிட்டத்தட்ட 63 சதவீதமாகிவிட்டது.

எண்ணைவிடப் பெரிய பிரச்சினை சுழற்சி. 1980இல் அண்டத்தின் எதிர்காலம் திறந்த கேள்வி. போதிய அளவு பொருள் இருந்தால் ஈர்ப்பு வென்று விரிவு நின்று எல்லாம் மறுபடி சுருங்கும். ஒருவேளை மீண்டும் வெடிக்கும். போதாவிட்டால் விரிந்துகொண்டே போகும். சேகன் இரண்டையும் நேர்மையாகச் சொன்னார். ஆனால் தாராசுரக் கோயிலும் பிரம்மாவின் பகலிரவும் நடராசரின் நெருப்பும் சேர்ந்தபோது சுருங்கி விரியும் அண்டம்தான் பார்த்தவர் நெஞ்சில் தங்கியது. 1996 டிசம்பரில் அவர் இறந்தார். 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள், விரிவு வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்று அறிவித்தன. எதிர்பாராத அந்த முடிவுக்கு 2011இல் நோபல் பரிசு. வேகத்தைக் கூட்டும் அந்த ஏதோ ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயரிட்டிருக்கிறோம். அது என்னவென்று இன்னும் தெரியாது. அது இப்படியே இருந்தால் சுருக்கம் இல்லை, மறுபிறப்பு இல்லை, விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணைந்து குளிர்ந்துபோகும் அண்டம்தான். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சேகனின் நினைப்பு. எவ்வளவு ஆசையாகக் கேட்டிருப்பார்.

நடராசருக்கு அன்று என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. தில்லையில் மறுநாளும் கால பூசைகள் நடந்தன. ஆனால் அறிவியல் சுருங்கி விரியும் அண்டத்தைச் சொல்கிறது, ஆகவே நடராசர் உண்மை என்று நேற்றுவரை சொன்னவர், அறிவியல் அதைக் கைவிட்டதும் என்ன சொல்லவேண்டும்? ஒழுங்காக நடந்துகொள்வதானால் நடராசரையும் கைவிடவேண்டும். அப்படி யாரும் செய்வதில்லை. அந்தச் செய்தியைப் படிக்காததுபோல் பழைய காணொளியையே பார்க்கிறோம். இப்படித்தான் ஏக்கம் பிழையைக் காப்பாற்றுகிறது. அரிசோனாவிலிருந்து இயங்கும் டெசி ஆய்வு 2024இலும் 2025இலும், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுக்குறைகிறதோ என்ற ஐயத்தைக் கிளப்பும் முடிவுகளை வெளியிட்டது. இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் அண்டத்தின் முடிவு பற்றிய கேள்வி திரும்பத் திறக்கும். பார்த்தீர்களா, பிரம்மாவின் இரவு வரப்போகிறது என்று உடனே ஆரம்பிக்காதீர்கள் என்று என் சொந்தக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தெய்வத்தை ஆய்வு முடிவுகளின் ஏற்ற இறக்கத்தில் கட்டிவிடுவது பக்தி அல்ல. ஆய்வு செய்பவர்களுக்கும் அது மரியாதை அல்ல. அவர்கள் இரவெல்லாம் விழித்து அளப்பது நமக்குச் சான்றிதழ் தருவதற்காக அல்ல.

தாராசுரம் கோயிலே இதைச் சொல்வதாக எனக்குத் தோன்றும். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. முன்னே இருக்கும் இராசகம்பீரன் திருமண்டபம் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர். அதைக் காலம், வெளி என்று படிக்கலாம், படிக்கிறார்கள். ஆனால் கருவறைச் சுவரைச் சுற்றி வந்தால், குனிந்து பார்க்கவேண்டிய உயரத்தில், சாண் அளவுச் சிற்பங்களாகப் பெரிய புராணத்து அடியார்கள் வரிசையாக இருக்கிறார்கள். வேடர், குயவர், வண்ணார், மீனவர். காளத்தியில் கண்ணப்பர் தன் கண்ணை அம்பால் அகழ்ந்தபோது யுகம் எத்தனை ஆண்டு என்று கேட்கவில்லை. எதிரே இருந்தவருக்கு இரத்தம் வழிந்தது, அவ்வளவுதான். அண்டத்தின் வயதை அறியாத அந்த மனிதர்களைச் சுமந்துகொண்டுதான் அந்தத் தேர் நிற்கிறது. காஸ்மாஸின் அந்தப் பகுதியில் இவர்களைப் பற்றிப் பேச்சில்லை. வானியல் தொடரில் இருக்கவேண்டும் என்றும் இல்லை. நாம் மறந்ததுதான் எனக்கு வருத்தம்.

அப்படியானால் சேகனுக்கும் சைவத்துக்கும் இடையே ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது எண்ணில் இல்லை.

திருவாசகத்தின் மூன்றாம் பகுதி திருவண்டப் பகுதி. அண்டங்கள் கோடிக்கணக்கில் விரிந்து கிடப்பதைப் பாடுகிறார் மாணிக்கவாசகர். பெருவெடிப்பை அன்றே சொல்லிவிட்டார் என்று இதையும் மேடைகளில் சொல்வதுண்டு. அவர் சொல்ல வந்தது அடுத்து வருகிறது: வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசு எப்படியோ, அப்படி இந்த அண்டங்கள் எல்லாம் இறைவன் முன் சிறியவை. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து, 1990 பிப்ரவரி 14 அன்று, சேகன் பல ஆண்டு வற்புறுத்தியதன் பேரில், வாயேஜர் 1 சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பி ஒரு படம் எடுத்தது. அதில் பூமி ஒரு படப்புள்ளியின் அளவுகூட இல்லை. அதன் மேல் ஓர் ஒளிக்கற்றை விழுந்திருந்தது. அந்தக் கற்றை விண்வெளியில் இல்லை. சூரிய வெளிச்சம் கேமராவுக்குள் சிதறியதால் வந்தது. சேகனுக்கும் அதைப் பார்த்ததும் சூரியக் கதிரில் மிதக்கும் தூசுதான் தோன்றியது. அவர் திருவாசகம் படித்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேரும் எப்போதோ ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து வெயிலைப் பார்த்திருக்கிறார்கள். பெரியது என்று நினைத்ததை அந்தத் தூசாகப் பார்க்கும் துணிவு இருவருக்கும் இருந்தது. இந்த ஒற்றுமையை எந்தப் புதிய அளவீடும் வந்து கெடுக்காது.

அதற்குப் பிறகு இருவரும் பிரிகிறார்கள். அந்தப் பெரும் இருட்டில், நம்மை நம்மிடமிருந்து காப்பாற்ற வேறெங்கிருந்தோ உதவி வரும் என்பதற்கு ஓர் அறிகுறியும் இல்லை, ஆகவே ஒருவரையொருவர் பரிவோடு நடத்துவோம் என்றார் சேகன். அண்டங்களைத் தூசாக்கும் அத்தனை பெரியவன் தானே இறங்கி எளியவனாக என்னிடம் வந்தான் என்று சொல்லி அழுதார் மாணிக்கவாசகர். உதவி வரும், வராது. இதைவிடப் பெரிய வேறுபாடு இரண்டு மனிதருக்குள் இருக்கமுடியாது. தூக்கிய திருவடி என்பது அந்த உதவிதான். அதை டெசியாலோ இனி வரப்போகும் எந்தத் தொலைநோக்கியாலோ காட்டவும் முடியாது, இல்லையென்று காட்டவும் முடியாது.

வகுப்பில் நான் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன், சேகன் சொன்னதையும் சொல்லியிருக்கிறேன். திருவண்டப் பகுதியை அங்கே எடுத்ததில்லை. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளி அது. வீட்டில் அப்பா இருந்தவரை அவரோடு சேர்ந்து படித்தேன், இப்போது தனியாகப் படிக்கிறேன். நான் மாணிக்கவாசகர் பக்கம். சேகன் உயிரோடு வந்து, அதற்கு என்ன சான்று என்று கேட்டால், உங்களிடம் காட்டக்கூடிய சான்று என்னிடம் இல்லை ஐயா என்றுதான் சொல்வேன். பிரம்மாவின் பகலையும் இரவையும் எடுத்து அவர் முன் வைக்கமாட்டேன்.